வெட்டுக்கிளியின் பம்பர்

அந்த மோட்டாரில் இரண்டு பேர்தான் உட்காரலாம். ஓட்டுகிறவருக்கு ஓர் இடம், பக்கத்தில் இன்னொருவருக்கு ஓர் இடம், அவ்வளவுதான். பின்னால் உபரிச் சக்கரம் ஒன்று தொங்கும். வேளைக்குப் பன்னிரண்டு பேர் சாப்பிடுகிற குடும்பத்தை வைத்துக்கொண்டு எங்கள் முதலாளி எதற்கு இப்படி ஒரு வண்டியை வாங்கினார் என்று ஆம்பூரில் கேட்காத ஆள் இல்லை. அவரிடம் நேராகக் கேட்ட ஆளும் இல்லை.

இரண்டாம் யுத்தம் வருவதற்குச் சில வருஷம் முன்னால் நடந்தது இது. முதலாளிக்குப் பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் ஷாப் இருந்தது. அங்கே இயந்திரங்களை ஓட்டுகிற இன்ஜினுக்கு நான் ஃபிட்டர். சீமைக்குக் கப்பலேறப் போன ஒரு துரையிடமிருந்து மதராஸில் அந்த வண்டியை வாங்கி, முதலாளி தானே ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். கரும்பச்சை நிறம். நீளமான மூக்கு. கம்பிச் சக்கரங்கள். முன்னால் ஒரு குறுக்குக் கம்பியில் இரண்டு பெரிய விளக்குகள் முழித்துக்கொண்டு நிற்கும். எங்கள் ஊர்ச் சாலையில் கல்லுக்குக் கல் அது துள்ளிப் போனதைப் பார்த்து ஷாப்பில் யாரோ வெட்டுக்கிளி என்றார்கள். அந்தப் பேரே நின்றுவிட்டது. முதலாளிக்கும் அது தெரியும், கண்டுகொள்ளமாட்டார்.

விளக்குகளுக்குக் கீழே பம்பர். இரண்டு எஃகுப் பட்டைகள், ஒன்றின்மேல் ஒன்றாக, நிக்கல் முலாம் போட்டு, முறுக்கிய மீசை மாதிரி இரண்டு பக்கமும் வளைந்திருக்கும். வண்டியின் மற்ற பாகத்தையெல்லாம் டிரைவர் துடைப்பார். பம்பரை மட்டும் முதலாளியே மெல்லிய ஆட்டுத்தோல் துண்டால் துடைப்பார். பதனிட்ட தோல்மேல் கட்டைவிரலை ஓட்டியே எந்த இடத்தில் கத்தி பட்டிருக்கிறது என்று சொல்கிற மனுஷர் அவர். அதே கட்டைவிரலைப் பம்பர்மேல் ஓட்டிக்கொண்டு நிற்பதை இன்ஜின் கொட்டகை வாசலிலிருந்து நான் பல நாள் பார்த்திருக்கிறேன்.

டிரைவர் வேறு யாருமில்லை, என் தங்கச்சி வீட்டுக்காரர். ஸ்டியரிங் பிடித்தால் தேர்ந்த கை. ரோஷம்தான் கொஞ்சம் ஜாஸ்தி. யாராவது ஒரு சொல் சொல்லிவிட்டால் தாங்கமாட்டார். சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு வந்துவிடுவார். கல்யாணமான மூன்று வருஷத்தில் வாலாஜாபேட்டையில் ஒரு வக்கீலிடம், குடியாத்தத்தில் ஒரு பஸ்காரரிடம், வேலூரில் ஒரு டாக்டரிடம் என்று மூன்று வேலையை இப்படி விட்டார். ஒவ்வொரு தடவையும் என் தங்கச்சி பாத்திரங்களைக் கோணியில் கட்டிக்கொண்டு பின்னாலேயே போனாள். நான்தான் எங்கள் முதலாளியிடம் கெஞ்சி இந்த வேலையை வாங்கிக் கொடுத்தேன். எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது தெருவில் அவர்களுக்கு வீடும் பார்த்துக் கொடுத்தேன். சேர்ந்த அன்றைக்கே, "இதுவும் ஒத்துவரலைன்னா கோலார்தான் மச்சான், எங்க அண்ணன் தங்கச் சுரங்கத்துக்குக் கூப்புட்டுக்கினே இருக்கான்" என்றார். சொன்னவர் மறந்திருப்பார். நான் மறக்கவில்லை.

எங்கள் அப்பா போனபோது நான் நாலாம் கிளாஸ். தங்கச்சி கைக்குழந்தை. அம்மா ஷாப்பில் தோல் பதனிட ஆவாரம்பட்டை குத்தப் போகவேண்டியிருந்ததால் என் பள்ளிக்கூடம் அதோடு நின்றது. இடுப்பில் அவளைத் தூக்கிக்கொண்டே தெருவெல்லாம் சுற்றினேன். மற்ற பையன்கள் கோலி விளையாடும்போது நான் இவள் மண்ணைத் தின்கிறாளா என்று பார்த்துக்கொண்டிருப்பேன். என் பயந்த சுபாவம் அங்கே ஆரம்பித்திருக்கலாம். பெரியவனான பிறகும் சாயங்காலம் இன்ஜினை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்தால், நிறுத்தினேனா என்று திரும்பிப் போய்ப் பார்ப்பேன். சத்தம் இல்லாததிலிருந்தே நின்றுவிட்டது என்று தெரியும். இருந்தாலும் போவேன்.

இப்போது அவளுக்கு ஐந்தாம் மாசம். தலைப்பிரசவம் பிறந்த வீட்டில்தான் என்பது எங்களில் வழக்கம். அம்மாவும் போய்விட்டதால் பிறந்த வீடு என்றால் நானும் என் பெண்சாதியும்தான். எந்த மூலையில் கயிற்றுக்கட்டில் போடுவது என்றுகூட என் பெண்சாதி முடிவு செய்துவிட்டாள். இந்த நேரத்தில் மாப்பிள்ளை ரோஷப்பட்டுக் கோலாருக்குக் கிளம்பினால் தங்கச்சியும் கூடப் போவாள். அங்கே முன்பின் தெரியாதவர்கள் நடுவில் பிள்ளை பெறுவாள். அந்தச் சுரங்க ஊரிலிருந்து சுலபத்தில் திரும்பி வந்தவர்களும் கம்மி. ஆகையால் மாப்பிள்ளைமேல் யாரும் ஒரு சுடுசொல்கூடச் சொல்லிவிடக்கூடாது என்பதே அப்போது எனக்கு இராப்பகலாக இருந்த நினைப்பு.

தோல் ஏலத்துக்காக முதலாளி மதராஸ் போனார். சனிக்கிழமைக் காலை ரயிலில் திரும்புவதாகவும், ஸ்டேஷனுக்கு மோட்டார் வரவேண்டும் என்றும் சொல்லியிருந்தார். அதுவரைக்கும் தினம் ஒரு தடவை இன்ஜினை ஓடவிட்டு நிறுத்தினால் போதும், கேட்டைத் தாண்டக்கூடாது என்பது உத்தரவு.

புதன்கிழமை மத்தியானம் மாப்பிள்ளை என் கொட்டகைக்கு வந்து நின்றார். தலையில் டிரைவர் தொப்பி இல்லை. இன்ஜின் சத்தத்தில் அவர் சொன்னது ஒன்றும் விளங்கவில்லை. கையைப் பிடித்து வெளியே இழுத்துப் போனார்.

கர்ப்பத்தில் சிலருக்குப் புளிப்புமேல் ஆசை வரும், சிலருக்குத் திருநீறு தின்ன ஆசை வரும். என் தங்கச்சிக்கு வெட்டுக்கிளியில் புருஷன் பக்கத்தில் ஒரு தடவை உட்கார ஆசை வந்திருக்கிறது. பிள்ளைத்தாய்ச்சி கேட்டதை இல்லையென்று சொல்லக்கூடாதே என்று, ஷாப்பில் எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் இவர் அவளை ஏற்றிக்கொண்டு ஆற்று மணல் வரைக்கும் போய்த் திரும்பியிருக்கிறார். கேட்டில் நுழையும்போது, ஆவாரம்பட்டை இறக்கிவிட்டு வெளியே வந்த ஒரு மாட்டுவண்டி குறுக்கே வந்தது. இவர் ஒதுங்கினார், மாடும் அதே பக்கம் ஒதுங்கியது. வண்டிச் சக்கரத்தின் நடுவில் புடைத்திருக்கும் குடம் பம்பரின் இடது முனையில் மாட்டி இழுத்துவிட்டது.

போய்ப் பார்த்தேன். விளக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. மூக்கிலும் கீறல் இல்லை. பம்பர் மட்டும் இடது பக்கம் நாலு விரல்கடை தொங்கிக்கொண்டிருந்தது. மீசை பாதி இறங்கினதில் வண்டிக்கே அழுகிற முகம் வந்துவிட்டது. தங்கச்சி இன்னும் அந்த இடத்தைவிட்டு இறங்கவில்லை. முக்காட்டைப் போட்டுக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தாள். நான் பதறிப்போய், வயிற்றில் இடிபட்டதா, வலிக்கிறதா என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்லண்ணா. காத்து நல்லா அடிச்சுது" என்றாள்.

முதலாளி வந்தவுடனே உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் மாப்பிள்ளை சொன்னார். இதை நான் எழுதியே ஆகவேண்டும். வேண்டாம் என்றவன் நான். நீங்கள் சொல்லுவீர்கள், அவர் ஏதாவது ஒரு வார்த்தை சொல்லுவார், நீங்கள் சாவியை வைத்துவிட்டு வருவீர்கள், அப்புறம் என்ன என்று கேட்டேன். சாதாரணமாக மாப்பிள்ளைக்கு மரியாதை கொடுத்து நீங்கள், வாங்க என்றுதான் பேசுவேன். அன்றைக்கு நடுவில் நீ, வா என்று வந்துவிட்டது. தங்கச்சி எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள்.

முதலாளி வருவதற்குள் பம்பரைப் பழையபடி ஆக்கிவிட வேண்டும் என்று முடிவாயிற்று.

வண்டி நிற்பது பழைய கழுவும் கொட்டகையில். புதிதாக ஒரு கொட்டகை கட்டித் தோல் கழுவுகிற வேலை அங்கே போய்விட்டதால் இது காலியாகக் கிடந்தது. மோட்டார் நுழைகிற அளவு அகலமான வாசல் இதற்குத்தான் இருந்தது. அங்கேயே வைத்து பம்பரைக் கழற்றினேன். பட்டைகள் நல்ல எஃகு, ஒன்றும் ஆகவில்லை. பம்பரை வண்டிச் சட்டத்தோடு பிடித்திருக்கும் இரும்புக் கைகள் இரண்டில் இடது கைதான் வளைந்திருந்தது. அதைத் தனியாகப் பிரித்து, எங்கள் ஷாப்பின் சின்ன உலையில் பழுக்கக் காய்ச்சி, பட்டறைக் கல்லில் வைத்துத் தட்டினேன். ஒரு தட்டு தட்டுவேன், வலது கையோடு சேர்த்து வைத்துப் பார்ப்பேன், மறுபடியும் ஒரு தட்டு. மாப்பிள்ளை துருத்தி ஊதினார். வியாழக்கிழமை மத்தியானத்துக்குள் இரண்டு கையும் ஒன்றுபோல ஆகிவிட்டது. கறுப்புச் சாயம் பூசி, காயவைத்து, பூட்டினோம்.

மாப்பிள்ளை நாலு எட்டு பின்னால் போய் நின்று பார்த்தார். சரியாக இருக்கிறது என்றார். சோறு கொண்டுவந்த தங்கச்சியும் பார்த்துவிட்டு, நேராகத்தான் இருக்கிறது என்றாள். எனக்கும் கண்ணுக்கு நேராகத்தான் தெரிந்தது. அத்தோடு விட்டிருக்கலாம்.

என் கண்ணை நான் எப்படி நம்புவது? முதலாளி கண் தோலில் ஒரு நூல் கனம் கூடினாலும் குறைந்தாலும் கண்டுபிடிக்கிற கண். எட்டு நூல் சேர்ந்தால்தான் ஓர் அங்குலம். அந்த ஒரு நூல் இந்தப் பம்பரில் எங்கேயாவது இருந்தால்? அன்று ராத்திரி பாயில் புரண்டுகொண்டே இருந்தேன். காலையில் என் பெண்சாதி, "உன் தலைல இருக்கிற ஸ்குரூவ யாராச்சும் டைட் பண்ணா தேவலை" என்றாள்.

ஷாப்பில் அப்போது ஒரு கொத்தனார் தோல் ஊறவைக்கப் புதுச் சுண்ணாம்புத் தொட்டி கட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் ரசமட்டம் இருந்தது. மரக்கட்டைக்குள் கண்ணாடிக் குழாய், குழாய்க்குள் ஒரு நீர்க்குமிழி. குமிழி நட்டநடுவில் நின்றால் வைத்த இடம் மட்டமாக இருக்கிறது என்று அர்த்தம். இரவல் கேட்டேன். எதற்கு என்றார். மோட்டாருக்கு என்றேன்.

"மோட்டார் மேல மாடி கட்டப் போறியா?" என்று சிரித்துக்கொண்டே கொடுத்தார்.

வெள்ளிக்கிழமைக் காலை. பழைய கொட்டகையில் நிற்கிற வண்டியின் பம்பர்மேல் ரசமட்டத்தை வைத்தேன். குமிழி வலது பக்கம் ஓடியது. வலது மேடு, இடது பள்ளம். இடிபட்டதும் இடது பக்கம். அப்படியென்றால் இன்னும் தொங்குகிறது, நம் மூன்று பேர் கண்ணுக்கும்தான் தெரியவில்லை. ரசமட்டமே தப்போ என்று முனை மாற்றி வைத்துப் பார்த்தேன். அப்போதும் குமிழி வலது பக்கம்தான் போனது. கருவியில் தப்பில்லை.

மாப்பிள்ளையைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் குமிழியையும் பம்பரையும் என்னையும் பார்த்தார்.

"கண்ணுக்கு நல்லாத்தானே இருக்குது மச்சான். விட்டுரு."

"உங்க கண்ணு சொல்றதா, இது சொல்றதா?"

"இது இன்னா, கோர்ட்டா?"

நான் விடவில்லை. தோல் ஷாப்காரனுக்கு எதில் இடைவெளி விழுந்தாலும் தோல்தான் மருந்து. பம்பிலிருந்து ஒழுகினால் தோல், கதவு ஆடினால் தோல், கட்டில் கால் குட்டையானால் தோல். எருமைத் தோலில் செருப்பு அடிக்குப் போடுகிற கனமான துண்டை எடுத்துவந்து, போல்ட் போக ஓட்டை குத்தி, இடது இரும்புக் கைக்குக் கீழே கொடுத்து முறுக்கினேன். குமிழி கொஞ்சம் நடுவுக்கு நகர்ந்தது. இன்னொரு துண்டு. இன்னும் கொஞ்சம். மூன்றாவது துண்டு வைத்ததும் குமிழி நட்டநடுவில் வந்து அசையாமல் நின்றது. புதன்கிழமைக்கு அப்புறம் அப்போதுதான் நான் மூச்சை முழுதாக விட்டேன் என்று நினைக்கிறேன்.

மத்தியானம் தங்கச்சி சோற்றுப்பாத்திரத்தோடு வந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"நேத்து நல்லா இருந்துதேண்ணா. இன்னைக்கு இன்னா, ஒரு பக்கமா சிரிக்குது?"

நான் ரசமட்டத்தைக் காட்டினேன். குமிழி நடுவில் நின்றால் என்ன அர்த்தம் என்று விளக்கிச் சொன்னேன். அவள் மரியாதைக்கு எட்டிப் பார்த்தாள். குமிழி சரியாக இருக்கிறது, மோட்டார்தான் சரியாக இல்லை என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் போட்டாள். தங்கச்சி சொன்னது மாப்பிள்ளைக்கும் சரியென்று பட்டிருக்கிறது. என் முகத்தைப் பார்த்துவிட்டு எதற்கு வம்பென்று விட்டுவிட்டாராம், பின்னால் சொன்னார். நான் அன்றைக்கும் சரியாகச் சாப்பிடவில்லை. நடுநடுவே எழுந்துபோய்க் குமிழியைப் பார்த்துவிட்டு வந்தேன். அது நகரவில்லை.

சனிக்கிழமைக் காலை ஸ்டேஷனுக்குக் கிளம்பினோம். எங்கேயாவது போல்ட் தளர்ந்துவிட்டால் என்ன செய்வது என்று ஸ்பானரை மடியில் சொருகிக்கொண்டு, ரசமட்டத்தையும் தூக்கிக்கொண்டு நானும் மாப்பிள்ளை பக்கத்தில் ஏறிக்கொண்டேன். ஸ்டேஷன் வாசலில் சமமான மண் தரை. வண்டி நின்றதும் இறங்கி முன்னால் போய்ப் பார்த்தேன்.

பம்பர் கோணலாக இருந்தது. நன்றாகவே கோணல். இடது முனை ஓர் அங்குலத்துக்குமேல் தூக்கிக்கொண்டு நின்றது. அந்தப் பக்கம் போன ஒரு ஜட்கா வண்டிக்காரரே திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

ரசமட்டத்தை வைத்தேன். குமிழி இப்போது இடது பக்கம் ஓடிப்போய்க் கடைசியில் ஒட்டிக்கொண்டது. எனக்கு ஒன்றுமே புரியவில்லை. வரும் வழியில் வளைந்துவிட்டதா? யாராவது ராத்திரி வந்து மாற்றிவிட்டார்களா? கை தானாகவே ரசமட்டத்தை எடுத்து மேலே விளக்குகளைத் தாங்குகிற குறுக்குக் கம்பியில் வைத்தது. குமிழி நடுவில் நின்றது. விளக்கு மட்டம், பம்பர் மட்டமில்லை. வண்டி நிற்கிற தரை மட்டம். அப்படியானால் அங்கே?

அப்போதுதான் உறைத்தது. தோல் கழுவுகிற கொட்டகைத் தரைக்கு வாட்டம் உண்டு. கழுவிய தண்ணீர் தேங்காமல் சாக்கடைக்கு ஓட வேண்டுமென்று தரையையே ஒரு பக்கம் சரித்துத்தான் கல் பாவுவார்கள். எங்கள் ஷாப்பில் எல்லாக் கொட்டகைக்கும் அப்படித்தான். என் இன்ஜினை இறக்கி வைத்தபோது, அந்த வாட்டத்துக்காக ஒரு பக்கம் கருங்கல் சில்லு கொடுத்து உயர்த்தியவனே நான்தான். பதினைந்து வருஷம் அந்தச் சரிவில் நடந்து நடந்து அதுதான் சமம் என்று என் காலுக்குப் பழகிவிட்டது. கொட்டகையில் வண்டியே ஒரு பக்கம் சரிந்து நின்றிருக்கிறது. வியாழக்கிழமை நேராக இருந்த பம்பரை, ரசமட்டம் சொன்னதென்று வெள்ளிக்கிழமை நானே கோணலாக்கியிருக்கிறேன்.

மாப்பிள்ளையிடம் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார். தோள் குலுங்கியதில் சிரிக்கிறார் என்று தெரிந்தது.

குடியாத்தம் பக்கம் புகை தெரிந்தது. சட்டையைப் பற்றிக்கூடக் கவலைப்படாமல் வண்டிக்குக் கீழே படுத்தேன். இரண்டு போல்ட்டையும் கழற்றி, தோல் துண்டுகளை ஒவ்வொன்றாக உருவிப் போட்டேன். மாப்பிள்ளை பிளாட்பாரத்துக்குப் போனார். ரயில் வந்து நின்ற சத்தம் கேட்டது. அப்புறம் கூட்டத்தின் சத்தம். முதல் போல்ட்டை முறுக்கினேன். இரண்டாவதை முறுக்கும்போது என் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி முதலாளியின் பழுப்பு நிற பூட்ஸ் வந்து நின்றது.

வெளியே வந்து எழுந்தேன். முதுகெல்லாம் மண். கையில் ஸ்பானர். தோல் துண்டுகள் மூன்றும் காலடியில் கிடந்தன. முதலாளி குனிந்து பம்பர்மேல் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை கட்டைவிரலை ஓட்டினார். பின்னுக்கு நகர்ந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். மாப்பிள்ளையைப் பார்த்து, பெட்டிகளை ஜட்காவில் ஏற்றிக்கொண்டு வரச் சொன்னார். என்னை ஏறச் சொன்னார். தானே ஓட்டினார்.

இப்படி அவர் பக்கத்தில் நான் உட்கார்ந்ததே கிடையாது. எப்படிக் கேட்டால் எப்படிச் சொல்லவேண்டும் என்று மூன்று நாளாக நான் யோசித்து வைத்திருந்த பொய்கள் எல்லாம் தயாராக இருந்தன. ஆனால் அவர் கேட்டால்தானே? கடைத்தெரு முனை வருவதற்குள் என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். தங்கச்சி ஆசைப்பட்டது, பட்டை வண்டி, உலை, ரசமட்டம், மூன்று துண்டு தோல், வாட்டம். முன்னுக்குப்பின் முரணாகச் சொல்லியிருப்பேன். அவர் சாலையைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டு வந்தார்.

"முடிஞ்சிச்சா?" என்றார்.

"முடிஞ்சிச்சு மொதலாளி."

"ரயிலு நிக்கிறதுக்குள்ளயே அவன் சொல்ட்டான்பா. தப்பு என்னுது, மச்சான்தான் பாவம் மூணு நாளா சோறு தின்னலன்னான். ஆனா தோலு வெச்ச கத அவன் சொல்லல."

மாப்பிள்ளை ஓடும் ரயிலோடு கூடவே நடந்துகொண்டு ஜன்னல் வழியாகச் சொல்லியிருக்கிறார். தன் தப்பைச் சொன்னவர் என் முட்டாள்தனத்தை மட்டும் மறைத்துவிட்டார்.

"இன்னா தோலு?" என்றார் முதலாளி.

"எருமைங்க. அடித்தோலு."

"நம்ம சரக்கா?"

"ஆமாங்க."

சிரிப்பு வந்ததோ என்னவோ, அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். கொஞ்ச தூரம் போனபிறகு, அந்தக் கொட்டகைக்கு வாட்டம் போதாது என்று பிடிவாதமாக இன்னும் சரிக்கச் சொன்னதே தான்தான் என்றார். பிறகு, என் தங்கச்சிக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே என்று விசாரித்தார். இல்லை, காற்று நன்றாக அடித்தது என்றாள் என்றேன். அதைக் கேட்டதும் அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்து, எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

ஷாப் கேட்டில் வண்டியை நிறுத்தினார். ஜட்காவும் பின்னாலேயே வந்தது. மேஸ்திரியும் ஆட்களும் சலாம் போட வந்து நின்றார்கள். அத்தனை பேருக்கும் முன்னால் முதலாளி மாப்பிள்ளையைக் கூப்பிட்டார்.

"கேக்காம எடுத்த. ஒரு மாசம் ஸ்டியரிங்க தொடாத. திங்கக்கெழமையிலிருந்து சுண்ணாம்புத் தொட்டில நில்லு."

எங்கள் ஷாப்பில் அதைவிடக் கடுமையான வேலை இல்லை. முழங்கால் அளவு சுண்ணாம்புத் தண்ணீரில் நின்றுகொண்டு, ஊறிய தோல்களை இழுத்துப் போடவேண்டும். நாற்றம் வீட்டுக்கும் கூடவே வரும். காக்கிக் கால்சட்டையும் தொப்பியுமாகத் தெருவில் போகிறவரை, மேஸ்திரிக்கு எதிரிலேயே அங்கே இறங்கச் சொன்னார். நான் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை. கையைத்தான் பார்த்தேன். மோட்டார் நிற்கிற கொட்டகையின் சாவி அவர் கையில் இருந்தது. அதை அவர் முதலாளியின் உள்ளங்கையில் வைத்தார். கேட்டுக்கு வெளியே போனார்.

என்னை முதலாளி, இன்ஜினைப் போய்ப் பார் என்றார். எனக்கும் ஏதாவது தண்டனை கொடுத்திருக்கலாம். மத்தியானம் பூராவும் பட்டை அரைக்கிற இயந்திரத்தின் பெல்ட் இரண்டு தடவை கழன்றது, இரண்டு தடவையும் நான் கவனிக்கவில்லை. மனசெல்லாம் மூன்றாவது தெருவில் இருந்தது. வழியில் நான் எல்லாவற்றையும் கொட்டாமல் இருந்திருந்தால் முதலாளி இவ்வளவு பேர் முன்னால் சொல்லியிருப்பாரா என்று ஒரு நினைப்பு. மறைத்ததால்தான் இது என்று இன்னொரு நினைப்பு.

சாயங்காலம் வேலை விட்டதும் நேராக அங்கேதான் போனேன். கதவு திறந்திருந்தது. உள்ளே மாப்பிள்ளை தரையில் உட்கார்ந்து, தகரப்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, காக்கிச் சட்டையை மடித்துக்கொண்டிருந்தார். கால்சட்டை ஏற்கெனவே மடித்துப் பெட்டிக்குள் இருந்தது. தொப்பி அதன்மேல் இருந்தது. தங்கச்சி அடுப்பண்டை முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் வாசற்படியிலேயே நின்றேன்.

"மாப்ள" என்றேன். "இந்த நேரத்துல அவள இட்டுக்கினு போவாதீங்க."

"யாரு எங்க போறாங்க?" என்றார்.

நான் பெட்டியைக் காட்டினேன்.

"இத வெளிய வெச்சா சுண்ணாம்பு நாத்தம் ஏறிக்கும் மச்சான். ஒரு மாசம் கழிச்சுப் போட்டுக்க வாணாமா?" என்றார். சட்டையைப் பெட்டிக்குள் வைத்து மூடினார். அப்புறம் என்னைப் பார்க்காமலே, "அவரு என்னிய வெளிய போன்னு சொல்லல இல்ல. உள்ளதான நில்லுன்னாரு" என்றார்.

அடுப்பண்டையிலிருந்து தங்கச்சி, மத்தியானத்திலிருந்து இதையேதான் நாலு தடவை சொல்லிக்கொண்டிருக்கிறார் என்றாள். அவள் குரலில் அழுகை இருந்ததா சிரிப்பு இருந்ததா என்று இப்போதும் எனக்குச் சொல்லத் தெரியாது. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

பெட்டியைத் தள்ளி வைத்துவிட்டு மாப்பிள்ளை, தொட்டியில் இறங்குகிறவர்கள் காலில் என்ன தடவிக்கொள்கிறார்கள் என்று கேட்டார். புங்கெண்ணெய் என்றேன். பாதத்துக்கு மட்டுமா என்றார். முழங்காலுக்கு மேல் வரைக்கும் தடவவேண்டும், விரல் இடுக்கில் விட்டுவிட்டால் சுண்ணாம்பு அங்கேதான் முதலில் அரிக்கும் என்றேன். வேட்டியை எப்படிக் கட்டவேண்டும் என்றார். பத்து வருஷமாகக் கால்சட்டை போட்ட மனுஷர். எழுந்து என் வேட்டியைத் தொடைவரைக்கும் வாரி, பின்னால் இழுத்துச் சொருகிக் காட்டினேன். அவரும் எழுந்து ஒரு வேட்டியை எடுத்துக் கட்டிப் பார்த்தார், அவிழ்ந்துவிட்டது. மறுபடியும் நான் அவிழ்த்துக் கட்டிக் காட்டினேன். இரண்டு ஆம்பிளைகள் சாயங்கால வேளையில் தொடை தெரிய நின்றுகொண்டு சொருகுவதும் அவிழ்ப்பதுமாக இருந்ததைப் பார்த்துவிட்டு, தங்கச்சி எழுந்துபோய்த் தெருக்கதவைச் சாத்தினாள்.